குகனண்ணையின் ஈரல்

போன மாதம் தர்ஷி தொலைபேசியில் கூப்பிட்டு, அழாத குறையாகப் பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, பேர்லின் நொய்கெல்னில் எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பார்க்கும் எங்கள் டொக்டரின் பிராக்ஸிஸில், அதாவது அவருடைய சிகிச்சை நிலையத்தில், என்னுடைய கதிரையில் இருப்பவள் அவள்.

“அன்ரி, இப்ப இரத்தச் சோதனை முடிவெல்லாம் நேரா ஆக்களின்ர ஃபோனுக்குத்தான் போகுது. ஒரு ஜேர்மன்காரர், கதவு உயரம் இருப்பார், படியில குந்தியிருந்து அழுறார். ஹெப்பற்றைற்றிஸ் பி, பொசிட்டிவ் எண்டு வந்திருக்காம். அது நல்ல பொசிட்டிவ், தடுப்பூசி வேலை செய்திட்டுது எண்டு சொன்னால் நம்புறாரில்லை. என்ன செய்யிறது?”

“முதல்ல ஒரு கோப்பி குடு. பிறகு பக்கத்தில இருந்து ‘ரைஷ்ட்’ எண்டு மட்டும் சொல்லு.”

கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுத்தாள். “எழும்பி முகம் கழுவிப்போட்டுப் போயிட்டார் அன்ரி. நீங்கள் இதையெல்லாம் எழுதி வைக்கோணும்.”

சரி, எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? பல்கனியில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், அதுவும் காய்க்கிறதில்லை.

என் படிப்பின் கதை சின்னது. அகதியாக வந்தேன், மாடிப்படிகள் துடைத்தேன், துடைத்துக்கொண்டே ஜேர்மன் படித்தேன், ஒரு குடும்ப டொக்டரிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தேன். இரத்தம் எடுக்க நரம்பு பிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் டொக்டர் லோரென்ஸ் என்னைத் தன்னிடம் கூப்பிட்டார்.

டொக்டர் லோரென்ஸ் மேசைக்குப் பின்னால் இருக்கமாட்டார். சக்கரம் வைத்த முக்காலி ஒன்றில் இருந்து, காலால் உதைத்து உதைத்து அறை முழுக்க ஓடித் திரிவார். நோயாளியின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் முக்கியமான செய்தி என்று அர்த்தம். சுவரோடு நின்றால் காலநிலை பற்றித்தான் பேச்சு. கையை எப்போதும் வெந்நீரில் கழுவிச் சூடாக்கிய பிறகுதான் ஒருவரைத் தொடுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மிகவும் கோபம் என்றால் அவர் என்ன சொல்கிறார் என்றே கேட்காது. நாங்கள் உத்தேசமாகத் தலையாட்டுவோம்.

முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் சொன்னார். இந்த இடத்தில் ‘பொசிட்டிவ்’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக்கூடாது. இங்கே வருகிற ஒவ்வொருவரும் அந்தச் சொல்லை ஒரு தடவை கேட்டு, நிலம் நழுவி நின்றவர்கள். இன்னொரு தடவை அதே சொல்லை எறிந்துவிட்டு, “பயப்படாதே, இது வேறு பொசிட்டிவ்” என்று விளக்கம் கொடுப்பது மூளையுள்ளவர்கள் செய்கிற வேலை அல்ல. தடுப்பூசி பலித்ததென்றால் ‘ரைஷ்ட்’ என்போம். ஜேர்மனில் போதும் என்று அர்த்தம். பலிக்கவில்லை என்றால் ‘இன்னும் போதாது’ என்போம்.

அந்தப் ‘போதாது’ எங்கள் வாயில் அடிக்கடி வந்தது. எச்.ஐ.வி. உள்ள உடம்பு ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசிக்கு ஒரு சோம்பேறி மாணவன். மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் பலிப்பது, இவர்களில் பலருக்கு இரட்டைப் பங்கு போட்டாலும் ஏறாது. ஊசி போட்டு முடிந்த சில கிழமைகளுக்குப் பிறகு இரத்தம் எடுத்துப் பார்ப்போம். எதிர்ப்பு சக்தி நூறைத் தாண்டினால் ரைஷ்ட். தாண்டாவிட்டால் திரும்பவும் ஊசி. ஒரு பஸ் சாரதி கடைசியில் நூறைத் தாண்டிய அன்று, கிரீமால் ‘ரைஷ்ட்’ என்று எழுதிய கேக் கொண்டுவந்தார். தாண்டும்வரை எங்களுக்குத் திட்டுத்தான் கிடைத்தது.

இதையெல்லாம் சொன்னது குகனண்ணையிடம் வருவதற்காகத்தான். குகன் என்பது அவருடைய பெயரல்ல. இதை எழுதச் சம்மதித்தபோது ஒரேயொரு நிபந்தனை போட்டார்: தன்னை நல்ல சமையற்காரன் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். சாப்பிட்டவர்கள் வேறு சொல்லக்கூடும்.

அவர் முதல் தடவை பிராக்ஸிஸுக்குள் வந்தபோது என் நெற்றிப் பொட்டைக் கண்டார். கண்டதும், “மன்னிக்கோணும், கதவு மாறிட்டுது” என்று சுத்த ஜேர்மனில் சொல்லிவிட்டு மறைந்தார். இரண்டாம் தடவையும் அதே கதவு மாறியது. மூன்றாம் தடவை தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தார். மழை நாளில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தமிழரை விட ஊர்க்கண்ணில் படுகிற பொருள் பேர்லினில் வேறில்லை.

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி “ஊரில எவடம்?” என்பதுதான். இரண்டாம் கேள்வியில் ஒழுங்கை வரும், மூன்றாம் கேள்வியில் மாமாவின் மைத்துனர் வருவார், நான்காம் கேள்வி தேவைப்படாது. அதனால் நான் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். பிராக்ஸிஸில் யாரிடமும் ஊர் கேட்பதில்லை. கோயிலிலும் கடையிலும் என் நோயாளி எவரையும் எனக்குத் தெரியாது.

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்: “அக்கா, நீங்கள் ஊரில எவடம்?”

“இந்தக் கதவுக்கு உள்ளுக்கு எனக்கு ஊர் இல்லை அண்ணை. உங்களுக்கும் இல்லை.”

கண்ணாடியைக் கழற்றினார். அன்றிலிருந்து நான் அவரை அண்ணை என்றேன், அவர் என்னை அக்கா என்றார். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

வருஷக்கணக்காக நாளுக்கொரு மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, போட்டு நல்ல சுகமாக இருந்தார். இரத்தத்தில் வைரஸைத் தேடினாலும் கிடைக்காது. அப்படியிருந்தவர் ஒருநாள் முகம் கறுத்து வந்தார். “அக்கா வாறா” என்றார்.

அவருடைய ஒரே சகோதரி, மங்கை அக்கா. தாய் வேளைக்கே போய்விட்டதால் அவரை வளர்த்தவர். எழுபது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து விசா எடுத்துக்கொண்டு கோடைக்கு மூன்று மாதம் தம்பியோடு நிற்க வருகிறார். அதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. இருந்தும் குகனண்ணை வியர்த்தார்.

“உங்களுக்கு அவவைத் தெரியாது. வந்த அண்டைக்கே வீட்டில இருக்கிற டின் எல்லாத்தையும் திறந்து மணந்து பார்ப்பா. குளிசையை நான் எங்க ஒளிக்கிறது? அவவுக்குத் தெரிஞ்சால் என்னைத் தொடமாட்டா அக்கா. அதை மட்டும் என்னால தாங்க ஏலாது.”

அப்போதுதான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற எச்.ஐ.வி. ஊசி வந்திருந்தது. அதைப் போட்டால் வீட்டில் ஒரு குளிசையும் இருக்கத் தேவையில்லை. அவர் அதைக் கேட்டார். டொக்டர் முக்காலியை உதைத்து அவருடைய முழங்காலடிக்கு வந்தார். எனக்கு விளங்கிவிட்டது.

விஷயம் இதுதான். அவர் போட்ட குளிசை எச்.ஐ.வி.யை மட்டுமல்ல, ஈரலைத் தாக்குகிற ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸையும் சேர்த்தே மறித்து வந்தது. புது ஊசிக்கு அந்த வேலை தெரியாது. குளிசையை நிறுத்தினால் ஈரலுக்குக் காவல் இல்லை. புதுக் காவற்காரன் வராமல் பழையவனை வீட்டுக்கு அனுப்பமாட்டேன், முதலில் தடுப்பூசி, நூறைத் தாண்டிய பிறகு மற்றது என்றார் டொக்டர். நான் தமிழில் சொன்னேன்.

குகனண்ணை சிரித்தார். “இவ்வளவுதானோ? எனக்குச் சின்னனிலேயே செங்கமாரி வந்து போனது. அக்கா கீழ்க்காய்நெல்லி அரைச்சு ஆட்டுப்பாலில தந்தவ. வந்த வருத்தம் திரும்ப வராதுதானே?”

மஞ்சட் காமாலையை நாங்கள் செங்கமாரி என்போம். கண் மஞ்சளானால் எல்லாம் செங்கமாரி. அதில் ஏ, பி என்று எழுத்து வைத்துப் பிரிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இருக்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தோம். சின்ன வயதில் வந்தது ஏ. பி அவரை ஒருநாளும் தொட்டதேயில்லை. கீழ்க்காய்நெல்லியின் புகழுக்குக் குறைவு வராத மாதிரி இதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அவருக்கு ஒதுக்கின தெர்மின் நேரம் முழுக்கப் போனது.

ஊசி போடுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். அதில்தான் என் சீவியம் போனது. இந்த மருந்தைக் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். பின்சுவரில் முட்டி உறைந்தால் குப்பைக்குத்தான். எடுத்ததும் அடியில் வெள்ளை படிந்திருக்கும். நன்றாகக் குலுக்கி, முழுக்கப் பால் கலங்கின மாதிரி வந்த பிறகே ஊசியை ஏற்றலாம். ஆளை இருத்த வேண்டும், நிற்க வைக்கக்கூடாது. கையைத் தொங்கவிடச் சொல்லி, தோள் எலும்பைத் தடவிப் பிடித்து, அதற்குக் கொஞ்சம் கீழே, தசை தடித்த இடத்தில் நேராக இறக்க வேண்டும். அந்த நேரத்தில் நோயாளியிடம் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பது என் வழக்கம். பதில் யோசிக்கிறவனுக்குத் தசை இறுகாது.

நான் இவ்வளவு பவ்வியமாக மருந்தைக் குலுக்கிக்கொண்டு திரும்பினால், குகனண்ணை சுவரைப் பார்த்து நின்று பெல்ற்றைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

“ஐயோ, கழட்டாதேங்கோ அண்ணை!”

“ஏன்? ஊசி எண்டால் பின்னுக்குத்தானே? பெரியாஸ்பத்திரியில எப்பவும் பின்னுக்குத்தான் போட்டவை.”

“இது கையில. பின்னால போட்டால் மருந்து கொழுப்பிலயே படுத்துக் கிடக்கும், உடம்பு ஒண்டையும் படிக்காது. பெல்ற்றைப் பூட்டுங்கோ.”

ஏமாற்றத்தோடு பூட்டினார்.

முதல் சுற்று ஊசிகள் முடிந்தன. முடிவு வந்தது. நாலு.

“நூற்றுக்கு நாலோ?” என்று கேட்டார். “கணக்கில கூட நான் இதை விடக் கூட எடுத்தனான்.”

டொக்டர் மருந்தை மாற்றினார். உடம்பைத் தட்டி எழுப்புகிற துணைப்பொருள் கலந்த புது மருந்து. அந்தச் சுற்றும் முடிந்தது. முப்பத்தெட்டு. இன்னும் போதாது. இன்னொன்று போடுவோம் என்றார் டொக்டர். அது போடும் நாள் வருவதற்குள் மங்கை அக்கா வந்துவிட்டார்.

வந்த அன்றே டின் எல்லாம் திறந்தார். குகனண்ணை குளிசைகளைத் தான் சமையல் வேலை செய்கிற உணவகத்தில் தன்னுடைய அலுமாரிக்குள் வைத்திருந்தார். ஆனால் திங்கட்கிழமை உணவகம் பூட்டு. திங்கட்கிழமைக் குளிசை தவறத் தொடங்கியது. டொக்டருக்கு அது தெரிந்தபோது அவருடைய குரல் இறங்கி இறங்கி, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. நாங்கள் இருவரும் தலையாட்டினோம். இப்படிக் குளிசை விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் பழகிவிடும், பிறகு ஒரு மருந்தும் கேளாது, ஊசியும் கைவிட்டுப் போகும். விளையாட்டு இல்லை.

அடுத்த தடவை குகனண்ணை வெற்றியோடு வந்தார். “இடம் கண்டுபிடிச்சிட்டன் அக்கா. புகை வந்தால் கத்துமே, கூரையில பூட்டியிருக்கிற பெட்டி. அதுக்குள்ள ஒரு குளிசை வைக்க இடமிருக்கு. அக்காவுக்கு முழங்கால் வருத்தம், கதிரையில ஏறமாட்டா.”

“நீங்கள் திங்கட்கிழமையில ஏறினால் அவ கேக்கமாட்டாவோ?”

“கேட்டவ. ஒவ்வொரு திங்களும் பரிசோதிக்கோணும், ஜேர்மன் சட்டம் எண்டனான். நல்ல நாடு எண்டு சொன்னவ.”

அன்று கடைசித் தடுப்பூசியைக் கையில் போட்டு, பிளாஸ்ரர் ஒட்டி அனுப்பினேன். இனி இரத்தம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்று நினைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் அன்னதானத்துக்குப் போய் இருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா வந்து இருந்தார். சோற்று வாளியோடு பந்தியில் வந்த குகனண்ணை என்னையும் அவரையும் அடுத்தடுத்துக் கண்டு, வாளியோடு சிலையானார்.

“பிள்ளை, நீர் டொக்டரோட வேலை செய்யிறனீராம். ஒரு விஷயம் கேக்கோணும்,” என்றார் மங்கை அக்கா. “இவன் என்ர தம்பி.”

“அப்பிடியோ? வணக்கம்,” என்றேன் நான்.

“வணக்கம்,” என்றார் குகனண்ணை, வாழ்க்கையில் என்னைக் கண்டிராதவர் மாதிரி. பிறகு என் இலையில் மூன்று பேருக்கான சோற்றைக் கொட்டினார்.

அவர் நகர்ந்ததும் மங்கை அக்கா என் காதுக்குள் வந்தார். “கையில பிளாஸ்ரரைக் கண்டு என்ன ஊசி எண்டு கேட்டன். ஈரலுக்கு எண்டு சொல்லுறான். ஈரல் எண்டால் குடிதானே பிள்ளை? எங்கட ஐயாவும் ஈரல் பழுதாகித்தான் போனவர். இவனும் குடிக்கிறான் போல.”

நானும் குரலைத் தாழ்த்தினேன். “அது வருத்தம் வராமல் போடுற தடுப்பூசி அக்கா. குடிக்காத ஆக்களுக்கும் போடுறது. ஆஸ்பத்திரி வேலையெண்டு எனக்கும் போட்டிருக்கு.”

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். “அப்ப நீரும் குடிக்கிறனீரோ?”

பாயசத்தைக் குடித்தேன்.

“நான் நேர்த்தி வைச்சிட்டன்,” என்றார் அவர். “தம்பியின்ர குடி நிக்கோணும். இஞ்ச தேர் இழுக்கிற அண்டைக்கு வீதி முழுக்க அடியழிக்கிறன் எண்டு முருகனிட்டச் சொல்லிப்போட்டன். சரி, நீர் ஊரில எவடம்?”

அடியழிப்பது என்றால் தேருக்குப் பின்னால் ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டு எழும்புவது. எழுபது வயதில், அந்த முழங்காலோடு, பேர்லின் தார் வீதியில். இல்லாத குடிக்காக.

சில கிழமைகள் கழிந்தன. இரத்தம் எடுத்தோம். முடிவு வந்த அன்று டொக்டர் முக்காலியை ஒரே உதையில் வரவேற்பு மேசை வரைக்கும் ஓட்டி வந்தார். நூற்றுப்பன்னிரண்டு! நான் குகனண்ணைக்குத் தொலைபேசி எடுத்து ஒரு சொல்தான் சொன்னேன். “ரைஷ்ட்.” அந்தப் பக்கம் ஏதோ சட்டி விழுந்த சத்தம் கேட்டது.

ஊசி போடுகிற நாள் வந்தது. அன்றோடு குளிசை முடிந்தது, ஒளிப்பு முடிந்தது. இனி அக்காவுக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. நான் ஊசியோடு காத்திருக்கிறேன், கதவு திறக்கிறது, குகனண்ணைக்குப் பின்னால் மங்கை அக்கா. டொக்டரிடமே நேராகக் கேட்க வந்திருக்கிறாராம், தம்பி எவ்வளவு குடிக்கிறான் என்று. என்னைக் கண்டதும், “ஓ, நீர் இஞ்சதானோ!” என்றார்.

குகனண்ணை என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் முழங்காலைப் பார்த்தார். “நீங்கள் நில்லுங்கோ,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்காவைக் கதிரையில் இருத்தினார்.

“அக்கா, நீ அடியழிக்க வேண்டாம். நான் குடிக்கிறேல்லை. எனக்கு எயிட்ஸ் கிருமி இருக்கு. கனகாலமா இருக்கு.”

நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்தி சொல்லப்பட்டதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கதவுப்பக்கம் பார்த்தேன். மங்கை அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“சாகிற வருத்தமோ பிள்ளை?”

“இல்லை அக்கா. மருந்து எடுத்தால் எல்லாரையும் போல இருக்கலாம். மற்றவைக்கும் தொத்தாது.”

“அப்ப ஈரல்?”

“ஈரலுக்கு ஒண்டும் இல்லை. காவலுக்குப் போட்டது. நூறு எடுக்கோணும், நூற்றுப்பன்னிரண்டு எடுத்திருக்கிறார்.”

“நூற்றுப்பன்னிரண்டோ!” மங்கை அக்காவின் குரல் உடைந்தது. “பள்ளிக்கூடத்தில ஒருநாளும் நாப்பது தாண்டாதவன்.” கைப்பையால் தம்பியின் தோளில் இரண்டு போட்டார். பிறகு அதே தோளைப் பிடித்து இழுத்து, அவருடைய தலையைத் தன் மடியோடு வைத்து அழுதார். குகனண்ணை பயந்திருந்தது அந்தக் கைக்குத்தான், அது தன்னைத் தொடாமல் போய்விடும் என்று. அது அவருடைய முடியைக் கோதிக்கொண்டேயிருந்தது. எனக்குக் கண் மறைத்ததில் ஊசியைத் திரும்பத் தட்டில் வைக்க வேண்டியதாயிற்று.

அழுது முடித்து மூக்கைத் துடைத்தார். “சரி, ஊசியைப் போடும் பிள்ளை.”

“இது பின்னுக்கு,” என்றேன். “ரெண்டு பக்கமும்.”

குகனண்ணையின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. பெல்ற்றில் கை வைத்தவர் நிறுத்தினார். “அக்கா, நீ வெளியில போ.”

“போடா. உன்ர குண்டியைக் கழுவி வளர்த்ததே நான்தான்.” சுவர்ப்பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

தேரன்று நான் கோயில் வீதியின் ஓரத்தில், என் சட்டப்படி, யாரையும் தெரியாதவளாக நின்றேன். மங்கை அக்கா அடியழித்துக்கொண்டு வந்தார். முருகன் கேட்டதைத் தந்துவிட்டார், தம்பி குடிக்கிறதில்லை, அதனால் நேர்த்தியை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாராம். நிலத்துக்கு ஓடு பதிக்கிறவர்கள் கட்டுகிற முழங்கால் உறையைச் சேலைக்கு உள்ளே கட்டிவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் வந்தார் குகனண்ணை.

என்னைக் கண்டதும் மங்கை அக்கா வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி, “பிள்ளை! இஞ்ச வாரும்!” என்று கூப்பிட்டார். ஓடிப்போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினேன். நெற்றியில் மண், நெஞ்செல்லாம் வியர்வை. என் கையை விடவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்கள் மூண்டு பேரும் எப்பிடிப் பழக்கம்?”

குகனண்ணை போத்தலை இறுக்கிப் பிடித்தார்.

மங்கை அக்கா திருநீற்றைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து சொன்னார்:

“நாங்கள் ஒண்டாக் குடிக்கிறனாங்கள்.”